வாழ்த்துத் தீர்மானம் வந்தால் எப்படிப் படிப்பது? வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2018-ஆம் வருடம், மாலை ஷிஃப்ட். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளும் சுதந்திரப் பிரகடனம் செய்து நூறு ஆண்டு ஆனதை ஒட்டி அமெரிக்க செனட்டில் ஒரு வாழ்த்துத் தீர்மானம். செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பி, அதாவது செய்தி வாசகம், நாலு பத்தி. வேகமாக முடித்துவிட்டு நான் வைத்த தலைப்பு: ‘மூன்று பால்டிக் நாடுகளுக்கு அமெரிக்கா அங்கீகாரம்’.

சீஃப் சப் (தலைமைத் துணை ஆசிரியர்) பிரிண்ட் அவுட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்கே வந்துவிட்டார். “ஏம்ப்பா, 1922-லயே கொடுத்த அங்கீகாரத்தை இப்ப எதுக்கு மறுபடி கொடுக்கறாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஐந்து சொல் தலைப்பில் மூன்று தப்பு இருந்தது. ‘அமெரிக்கா’ என்று போட்டது முதல் தப்பு. ‘அங்கீகாரம்’ இரண்டாவது. மூன்றாவது, தலைப்பில் இல்லாமல் போனது: ‘நூறு’ என்ற எண். செய்தியே அதில்தான் இருந்தது. இந்த மூன்றையும் நீங்கள் செய்யாமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் இன்னொரு நாட்டின் சுதந்திர ஆண்டுவிழாவை வாழ்த்தும் செய்தி வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். சின்னச் செய்திதான், ஆனால் வழுக்கும்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தீர்மானங்கள் மூன்று வகை. எது என்பதைத் தீர்மான எண்ணின் முன்னொட்டே சொல்லிவிடும். எஸ்.ரெஸ். என்று தொடங்கினால் செனட் மட்டும். எச்.ரெஸ். என்றால் பிரதிநிதிகள் சபை மட்டும். ஒரு அவை தன் கருத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். இன்னொரு அவைக்கும் போகாது, அதிபருக்கும் போகாது. பெரும்பாலான சுதந்திர நாள் வாழ்த்துகள் இந்த வகைதான்.

நடுவில் ‘கான்.ரெஸ்.’ என்று இருந்தால் இரண்டு அவைகளும் சேர்ந்து ஏற்க வேண்டியது. அதுவும் அதிபர் மேசைக்குப் போகாது, சட்டமும் ஆகாது. இஸ்ரேல் உருவாகி 60 ஆண்டு ஆனபோது, 2008-ல், இந்த வகையில் ஒன்று வந்தது. ‘ஜே.ரெஸ்.’ என்று இருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். அது அதிபர் கையெழுத்துக்குப் போகும், கையெழுத்தானால் சட்டம். (அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மட்டும் அதிபர் கையெழுத்து தேவையில்லை. அது வேறு கதை.) வாழ்த்துச் சொல்ல யாரும் அவ்வளவு தூரம் போவது அபூர்வம்.

ஆகவே ‘அமெரிக்கா சட்டம் இயற்றியது’ என்று எழுதாதீர்கள். ‘அமெரிக்கா’ என்று பொத்தாம்பொதுவாகவும் எழுதாதீர்கள். அந்நாட்டு அரசின் நிலைப்பாட்டைச் சொல்கிறவர்கள் அதிபரும் வெளியுறவுத் துறையும். செனட் சொன்னால் ‘செனட்’ என்றே போடுங்கள்.

எண்ணோடு இன்னொன்றும் பாருங்கள்: எத்தனையாவது காங்கிரஸ்? இரண்டு வருடத்துக்கு ஒரு காங்கிரஸ். 2017, 2018 இரண்டும் 115-ஆவது காங்கிரஸ். ஒவ்வொன்றிலும் எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் பத்து வருடம் முந்தைய வேறு ஏதோ தீர்மானம் வந்து நிற்கும்.

வந்ததா, நிறைவேறியதா?

ஒரு உறுப்பினர் தீர்மானத்தைத் தாக்கல் செய்தால், அன்றைக்கே அந்த நாட்டின் ஊடகங்களில் ‘அமெரிக்க காங்கிரஸில் நம் நாட்டுக்குக் கௌரவம்’ என்று வந்துவிடும். தாக்கல் ஆனது வெளியுறவுக் குழுவுக்குப் போகும். பல தீர்மானங்கள் அங்கேயே படுத்துவிடும். காங்கிரஸின் காலம் முடிந்ததும் அந்தத் தீர்மானங்களும் காலாவதி. காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் தீர்மானத்தின் பக்கத்தைத் திறந்து ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். அங்கே அவை ‘ஏற்றது’ என்ற பொருளில் ஒரு வரி இல்லையென்றால், நிறைவேறவில்லை. ‘தாக்கல்’ என்று எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி, உறுப்பினர்களின் பேச்சு. பிரதிநிதிகள் சபையில் ஒரு நிமிடப் பேச்சு என்று ஒன்று உண்டு. பேசாமலே எழுதிக் கொடுத்து அவைக் குறிப்பில் சேர்க்கும் வழியும் உண்டு. அவைக் குறிப்பில் அச்சாகிவிட்டது என்பதால் அது அவையின் கருத்து ஆகாது. அந்த ஒருவருடைய வாழ்த்து, அவ்வளவே.

நிறைவேறும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். செனட்டில் இவை பெரும்பாலும் நாள் முடிவில், கிட்டத்தட்ட காலியான அவையில் நடக்கும். முன்கூட்டியே எல்லா உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கும் தகவல் போயிருக்கும். யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்றால் ஒருவர் எழுந்து வரிசையாக நாலைந்து தீர்மானங்களை வாசிப்பார். தலைமை இருக்கையில் இருப்பவர் “ஆட்சேபம் உண்டா?” என்பார். மௌனம். முடிந்தது. ‘ஒருமனதாக’ என்று எழுதுவது தப்பில்லை. ஆனால் ‘100 செனட்டர்களும் வாக்களித்தனர்’ என்று எழுதினால் பொய். ‘யாரும் ஆட்சேபிக்காததால் ஏற்கப்பட்டது’ என்பதுதான் சரியான விவரம்.

பிரதிநிதிகள் சபையில் வழக்கமான விதிகளை ஒதுக்கிவைத்து எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது: 40 நிமிட விவாதம், திருத்தம் கிடையாது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். யாராவது கேட்டால்தான் பெயர் பதிந்து வாக்கெடுப்பு, இல்லாவிட்டால் குரல் வாக்கு. அங்கே 1995 முதல் ஒரு விதியும் உண்டு. ஒரு நாளையோ வாரத்தையோ மாதத்தையோ இன்னாருக்கான கொண்டாட்டம் என்று அறிவிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரவே கூடாது. அவையின் நேரம் இதற்கே போகிறது என்ற சலிப்பில் வந்த விதி. அதனால்தான் அங்கே வரும் தீர்மானங்கள் நாளை அறிவிக்காமல் நாட்டை வாழ்த்தும், உறவைப் பாராட்டும். ‘இந்த நாளை இன்ன நாளாக அறிவித்தது’ என்று காப்பியில் இருந்தால், அது செனட்டா, ஏதாவது மாநிலச் சட்டமன்றமா என்று பாருங்கள். மாநிலச் சட்டமன்றங்களும் இதுபோன்ற தீர்மானங்களைத் தாராளமாகப் போடும். அவற்றை வாஷிங்டனோடு குழப்பக்கூடாது.

நூறு யார் எண்ணியது?

இனி உள்ளே போகலாம். தீர்மானத்தின் முதல் பாதி முழுக்க ‘வேர்ஆஸ்’ (‘இப்படி இருப்பதால்’) என்று தொடங்கும் பத்திகள். பத்தும் இருக்கும், இருபதும் இருக்கும். கடைசியில் ‘ரிசால்வ்டு’ (‘தீர்மானிக்கப்பட்டது’) என்று வந்து, அவை என்ன செய்கிறது என்பது எண் போட்டு வரும். இலக்கணப்படி மொத்தத் தீர்மானமும் ஒரே வாக்கியம். இதை அப்படியே தமிழில் ‘என்பதாலும்… என்பதாலும்… ஆதலால்’ என்று இழுத்தால் பத்திரப்பதிவு அலுவலகத்துப் பத்திரம் மாதிரி ஆகிவிடும். கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள், அப்புறம் மேலே வாருங்கள்.

பல பேர் ‘வேர்ஆஸ்’ பத்திகளைத் தாண்டிப் போய்விடுவார்கள், வெறும் வரலாறுதானே என்று. என்னைக் கேட்டால் அங்கேதான் உட்கார வேண்டும். வாழ்த்து எல்லாத் தீர்மானத்திலும் ஒரே வாழ்த்துதான். எந்த வரலாறு உள்ளே வந்தது, எந்தத் தேதியிலிருந்து எண்ணினார்கள் என்பதில்தான் அரசியல்.

பால்டிக் நாடுகளையே எடுத்துக்கொள்வோம். லித்துவேனியா 1918 பிப்ரவரி 16-லும், எஸ்டோனியா பிப்ரவரி 24-லும், லாட்வியா நவம்பர் 18-லும் சுதந்திரம் அறிவித்தன. 1922 ஜூலை 28-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. 1940 ஜூனில் சோவியத் படை உள்ளே வந்தது, ஆகஸ்டில் மூன்றும் சோவியத் ஒன்றியத்தோடு சேர்க்கப்பட்டன. நடுவில் சில வருடம் ஜெர்மனியின் பிடி, பிறகு மறுபடி சோவியத். 1990, 1991-ல் மீண்டும் சுதந்திரம்.

ஆக, 2018-ல் இந்த நாடுகளுக்கு என்ன வயது? 1991-லிருந்து எண்ணினால் 27. 1918-லிருந்து எண்ணினால் 100. ‘நூறு’ என்று சொல்கிற அவை, நடுவில் போன ஐம்பது வருடம் ஆக்கிரமிப்புதான், நாடு அப்போதும் சட்டப்படி இருந்தது என்று சொல்கிறது. மூன்று நாடுகளும் தாமாக வந்து சேர்ந்தன என்பது சோவியத் தரப்பு வைத்த வாதம். ‘நூறு’ என்று எண்ணும்போதே அந்த வாதம் அடிபட்டுப் போகிறது.

அமெரிக்கா இதை 2018-ல் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. 1940 ஜூலை 23-ல் வெளியுறவுத் துறையின் பொறுப்பில் இருந்த சம்னர் வெல்ஸ் ஒரு அறிக்கை விட்டார். பலத்தைக் காட்டி ஒரு நாட்டை விழுங்குவதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். வெல்ஸ் பிரகடனம் என்று பெயர். அதன்பிறகு அரை நூற்றாண்டு லாட்வியா, லித்துவேனியா தூதரகங்கள் வாஷிங்டனில் திறந்தே இருந்தன. எஸ்டோனியாவுக்கு நியூயார்க்கில் ஒரு துணைத் தூதரகம். 1965 முதல் அதற்குத் தலைமை வகித்தவர் எர்ன்ஸ்ட் யாக்சன். வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டுக்காகக் கால் நூற்றாண்டு அலுவலகம் நடத்திய மனிதர். 1991-ல் நாடு திரும்பக் கிடைத்ததும் அவரே அமெரிக்காவுக்கான எஸ்டோனியத் தூதர் ஆனார். அதே வருடம் செப்டம்பர் 2-ல் அமெரிக்கா தூதரக உறவை மீண்டும் ஏற்படுத்துவதாக அறிவித்தது. ‘மீண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இந்த நாடுகள் பற்றிய தீர்மானத்தில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் இன்னொரு நாள் 1989 ஆகஸ்ட் 23. ஹிட்லரும் ஸ்டாலினும் 1939-ல் செய்த ரகசிய உடன்பாட்டின் ஐம்பதாம் ஆண்டு. தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். உங்களுக்கு இரண்டு பத்திதான் இடம் என்றாலும் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். வாசகர் மறக்க மாட்டார்.

தேதிச் சிக்கல் பால்டிக்கோடு நிற்பதில்லை. பிலிப்பைன்ஸ் 1898 ஜூன் 12-ல் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவித்தது. அமெரிக்கா அதை ஏற்காமல் தானே ஆண்டது. கடைசியில் 1946 ஜூலை 4-ல், தன் சுதந்திர நாளன்றே, சுதந்திரம் கொடுத்தது. பிலிப்பைன்ஸும் ஜூலை 4-ஐத்தான் கொண்டாடியது. 1962-ல் அதிபர் மகபகல் நாளை ஜூன் 12-க்கு மாற்றினார். அமெரிக்க அவை ஒன்று பிலிப்பைன்ஸுக்கு வாழ்த்துச் சொன்னால், எந்தத் தேதிக்கு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜார்ஜியா (அமெரிக்க மாநிலம் அல்ல, முன்பு சோவியத்தில் இருந்த நாடு) கொண்டாடுவது 1918 மே 26-ஐ, 1991 ஏப்ரல் 9-ஐ அல்ல. இஸ்ரேல் நாடானது 1948 மே 14, ஆனால் கொண்டாட்டம் யூதப் பஞ்சாங்கப்படி, நம் தீபாவளி மாதிரி தேதி தள்ளித் தள்ளி வரும். வங்கதேசம் பக்கத்தில்தான் இருக்கிறது, அதிலேயே நம் டெஸ்க்குகள் வருடா வருடம் தடுமாறும்: மார்ச் 26 சுதந்திர நாள், டிசம்பர் 16 வெற்றி நாள்.

வினைச்சொல்லில் கை வையுங்கள்

என் இரண்டாவது தப்புக்கு வருகிறேன். ஏஜென்சி காப்பியில் இருந்த சொல் ‘ரெகக்னைஸ்’. அகராதி உடனே ‘அங்கீகரி’ என்று நீட்டும். ஒரு நாட்டை அங்கீகரிப்பது தூதரகச் சட்டம் சார்ந்த பெரிய விஷயம். ஒரு ஆண்டுவிழாவை ‘ரெகக்னைஸ்’ செய்வது அதை நினைவுகூர்வது, சிறப்பிப்பது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது நாடா, நாளா என்று பாருங்கள். நாள் என்றால் ‘நினைவுகூர்ந்தது’.

மற்ற வினைகளுக்கும் எடை உண்டு. ‘வாழ்த்துகிறது’, ‘பாராட்டுகிறது’ என்பவை மரியாதை. ‘மீண்டும் உறுதிப்படுத்துகிறது’ என்று வந்தால் பழைய நிலைப்பாடு மாறவில்லை என்று யாருக்கோ கேட்கும்படி சொல்கிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் பக்கத்து நாடு. ‘வலியுறுத்துகிறது’, ‘கேட்டுக்கொள்கிறது’ என்று இருந்தால் யாரிடம் கேட்கிறது என்று தேடுங்கள். சொந்த அரசிடம் என்றால் லீடே, அதாவது செய்தியின் முதல் வரியே, அதுவாக இருக்கலாம். ஆனால் கேட்பது கேட்பதுதான். ‘உத்தரவிட்டது’ என்று மாற்றாதீர்கள்.

தீர்மானத்தின் வாசகம் ஏற்கப்படும்போது மாறியிருக்கவும் கூடும். தளத்தில் தாக்கல் ஆன வாசகமும் ஏற்கப்பட்ட வாசகமும் தனித்தனியாக இருக்கும். நேரம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல் காணாமல் போயிருந்தால், அதுவே தனிச் செய்தி.

கூட்டணி நாடா, நட்பு நாடா?

நம் பத்திரிகைகளில் ‘நட்பு நாடு’ என்பது சாம்பாரில் போடும் காய் மாதிரி, எதை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் இந்தச் செய்தியில் கவனம் வேண்டும். பால்டிக் நாடுகள் 2004 மார்ச் 29-ல் நேட்டோவில் சேர்ந்தவை. ஒருவர் மீது தாக்குதல் என்றால் எல்லோர் மீதும் தாக்குதல் என்ற ஐந்தாவது பிரிவு அவற்றுக்குப் பொருந்தும். இவை ‘கூட்டணி நாடுகள்’. பிலிப்பைன்ஸ் நேட்டோவில் இல்லை, ஆனால் 1951-ல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, அதுவும் கூட்டணிதான். ஜார்ஜியா அப்படி இல்லை, அது ‘கூட்டாளி’. இந்தியாவுக்கு 2016-ல் அமெரிக்கா கொடுத்த பட்டம் ‘முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி’. ஒருவருக்காக இன்னொருவர் போரிட வேண்டும் என்ற கடமை அதில் இல்லை. ‘அமெரிக்காவின் கூட்டணி நாடான இந்தியா’ என்று யாராவது எழுதி வந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

மற்ற ஊர் அவைகள்

பிரிட்டனில் ‘ஏர்லி டே மோஷன்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு எம்.பி. எழுதுவார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். விவாதத்துக்கு வருவதே அபூர்வம். இதை வைத்து ‘பிரிட்டன் நாடாளுமன்றம் வாழ்த்து’ என்று தலைப்பு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘இத்தனை எம்.பி.க்கள் கையெழுத்து’ என்பதுதான் உண்மை.

போலந்தின் கீழவையான செய்மில் இதுபோன்ற நினைவுத் தீர்மானங்களை வாக்கெடுப்பு இல்லாமல் கைதட்டி ஏற்கும் பழக்கம் உண்டு. போலந்தைச் சொன்னதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1926-ல் அமெரிக்க சுதந்திரத்துக்கு 150 ஆண்டு ஆனபோது போலந்து மக்கள் ஒரு வாழ்த்து அனுப்பினார்கள். அதிபர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகள் வரை ஏறத்தாழ 55 லட்சம் கையெழுத்து. மொத்தம் 111 தொகுதி. அதிபர் கூலிட்ஜிடம் வெள்ளை மாளிகையில் கொடுக்கப்பட்ட அந்தத் தொகுதிகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அவை ஒன்றின் தீர்மானம் இரண்டு பக்கம் வரும். ஒரு நாடே எழுதினால் எத்தனை பக்கம் ஆகும் என்பதற்கு இதுவே கணக்கு.

காப்பி எழுதும்போது

முதல் வரியில் எந்த அவை, எந்த நாடு, எத்தனையாவது ஆண்டு, தாக்கலா ஏற்பா என்ற நாலும் வந்துவிட வேண்டும். இரண்டாவது பத்தியில் தேதி எங்கிருந்து எண்ணப்பட்டது, ஏன். மூன்றாவதில் வலுவான வினைச்சொல் எதுவோ அது. சட்டப்படி கட்டுப்படுத்தாது என்ற ஒரு வரியை எங்காவது வையுங்கள். யார் கொண்டுவந்தார், இரண்டு கட்சியும் சேர்ந்ததா என்பது இடம் இருந்தால். இணைந்து கையெழுத்திட்டவர்கள் பட்டியல் அதே தளத்தில் கிடைக்கும்.

கடைசியாகக் கிழமை. வாஷிங்டனில் செனட் மாலை ஏழு மணிக்குக் கடையை மூடினால் நமக்கு மறுநாள் விடிகாலை. கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் நாம் முன்னால் இருக்கிறோம். சிட்டி எடிஷன் அதற்குள் அச்சாகி வண்டி ஏறியிருக்கும். ஆகவே செய்தி நம் பேப்பரில் வருவது அதற்கும் மறுநாள்தான். ‘நேற்று’ என்று போடாதீர்கள், வாஷிங்டன் கிழமையைப் போடுங்கள்.

அன்று சீஃப் சப் என் தலைப்பை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது இது: ‘பால்டிக் நாடுகளின் நூற்றாண்டு: செனட்டில் வாழ்த்துத் தீர்மானம்’. உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கு மேலே, ‘சிங்கிள் காலம்’ அகலத்தில் வந்தது.